வேகம் கூட்டின பாட்டு

புளியேந்தலில் வேல்சாமி வீட்டு மேற்கு அறையில் முன்பு மிளகாய் மூட்டை அடுக்கியிருந்தார்கள். அந்த அறையைத்தான் அவன் பாட்டுப் பதிகிற இடமாக மாற்றினான். சன்னலைச் செங்கல் வைத்து அடைத்தான். சுவர் முழுக்க முட்டை அட்டை, அதன் மேல் சாக்கு. கதவின் உள்பக்கம் பழைய மெத்தை ஒன்றை வைத்து ஆணி அடித்துவிட்டான். வெளிச் சத்தம் உள்ளே வராது; காற்றும் வராது. சுவர்ச் சந்துகளில் எங்கேயோ பழைய மிளகாய்த் தூள் இன்னும் கிடந்தது. மைக் முன்னால் நிற்கிறவர் எவரானாலும் முதல் அடி பாடுவதற்குள் தும்மிவிடுவார்.

"தும்மிட்டீகளா? இனிப் பாட்டு சுத்தமா வரும்" என்பான் வேல்சாமி.

சுற்றுப்பட்டில் எந்த ஊர்க் கோயிலில் கொடைத் திருவிழா என்றாலும் அந்த ஊர்ச் சாமிக்கென்று தனிப் பாட்டு வேண்டும் என்று கேட்க ஆரம்பித்திருந்த காலம் அது. ஊர்ப் பெயர் வரவேண்டும், கண்மாய்ப் பெயர் வரவேண்டும், கோயில் கட்டினவர் பெயரும் வரவேண்டும். வேல்சாமியிடம் ஒரு கம்ப்யூட்டர், ஒரு கீபோர்டு, ஒரு மைக் இருந்தன. அதற்கு முன்னால் பத்துப் பதினைந்து வருசம் ஆடல் பாடல் குழுவில் ரிதம் பேடு வாசித்தவன். ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டிகளுக்குப் பக்கத்திலேயே நின்று, விடிய விடிய வாசித்துவிட்டு, காலையில் காது கொய்யென்று இரைய வீட்டுக்கு வருவான். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும். ஒரு கட்டத்துக்கு மேல் சரியாகவில்லை.

அதை முதலில் கண்டுபிடித்தவன் சுஐபு. ஆர்.எஸ்.மங்கலம் பேருந்து நிலையத்துக்கு எதிரில் அவனுக்குச் சிடி கடை. வேல்சாமி முடித்துக் கொடுக்கிற பாட்டை நகல் எடுத்து, அட்டை போட்டு, ஊர்க்காரர்களுக்குக் கொடுக்கிற வேலை அவனுடையது.

"அண்ணே, கோச்சுக்காதீக. 'ச' வர்ற எடமெல்லாம் காதுல ஊசி ஏத்துற மாதிரி இருக்கு. போன சிடியும் இப்பிடித்தான். சலங்கைச் சத்தம் தகரத்தை இழுக்குற மாதிரி கேக்குது" என்றான்.

வேல்சாமி வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டான். அவனுக்கு எல்லாம் அளவாகத்தான் இருந்தது. அடுப்படியில் இருந்த மனைவி பூமயிலைக் கூப்பிட்டு ஹெட்போனை மாட்டிவிட்டான். அவள் மாட்டின வேகத்தில் பிடுங்கினாள்.

"ஆத்தே! காதைக் கிழிக்குது. இதை எப்பிடிக் கேக்குறீக?"

அப்போதுதான் அவனுக்கு விசயம் உறைத்தது. தன் காதில் விழாத சத்தத்தையெல்லாம் விழும்வரை ஏற்றி ஏற்றி வைத்திருக்கிறான்.

ராமநாதபுரத்தில் ஒரு டாக்டரிடம் போனார்கள். அவனைக் கண்ணாடி அடைத்த சின்ன அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போது விரலைத் தூக்கச் சொன்னார்கள். பூமயில் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சோதனை செய்த பெண் ஒவ்வொரு பொத்தானாக அமுக்கிக்கொண்டே போனாள். வேல்சாமி கவனமாகத் தலையைச் சாய்த்துக் காத்திருந்தான். அவன் விரல் முழங்காலில் அப்படியே கிடந்தது.

நரம்பு கெட்டுவிட்டது, திரும்ப வராது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள், காதுக்கு மெசின் மாட்டலாம் என்றார் டாக்டர்.

திரும்பி வருகிற பேருந்தில் பூமயில் சொன்னாள்: "மாட்டுனா என்ன? கண்ணுக்குக் கண்ணாடி போடுறதில்லையா?"

"கண்ணாடி போட்டவன்கிட்ட சட்டை தைக்கக் குடுப்பாக. காதுல மெசினு மாட்டுனவன்கிட்ட எவன் பாட்டுப் பதிய வருவான்? இந்தா பாரு பூமயிலு, நீ வாயத் தொறந்துறாத. ஒங்க அண்ணன் வீட்டுலகூட."

"எம்புட்டு நாளைக்கு மறைப்பீக?"

அவன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கேட்காததுபோல் இருக்கிறானா, கேட்கவே இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து எல்லாப் பேச்சிலும் அவளுக்கு அந்தச் சந்தேகம் வந்தது.

அதன் பிறகு பூமயில் அந்த அறைக்குள் வந்தாள். அதுவரை அவள் காட்டுவேலைக்குப் போனவள். விதைப்பு, களையெடுப்பு, கதிரறுப்பு, மிளகாய்ப் பழம் எடுப்பு என்று வருசம் முழுக்க ஒரு பொம்பளைக் கூட்டத்தோடு கூட்டமாக இருந்தவள். இப்போது அவனுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்தாள். ஊர்க்காரர்கள் வந்தால் மடியில் புளியை வைத்துக் கொட்டை எடுப்பதுபோல் இருப்பாள். மேசைக்கு அடியில் அவள் கால் அவன் கால்மேல் இருக்கும். சத்தம் கூடினால் அமுக்குவாள். சரியாக வந்ததும் காலை எடுத்துவிடுவாள். வந்தவர்கள் திரையைப் பார்ப்பார்கள், வேல்சாமியின் கையைப் பார்ப்பார்கள். மேசைக்கு அடியில் யாரும் பார்க்கவில்லை.

அவன் சிலவற்றை அவளுக்குச் சொல்லிக் கொடுக்கத்தான் வேண்டியிருந்தது.

"மொதல்ல டெம்போவக் கட்டணும். டெம்போன்னா வேகம். நிமிசத்துக்கு எத்தனை தட்டுன்னு இங்கன மேல நம்பரு இருக்கு பாரு. அதை வச்சுட்டா டிக் டிக்குன்னு ஒண்ணு ஓடும். பாடுறவுக, வாசிக்கிறவுக எல்லாரும் அதுமேலதான் ஏறி நிக்கணும். பிறகு அதை மாத்தக் கூடாது. மாத்துனா மேல கட்டுனது பூராம் சரிஞ்சுரும்."

"கடைசியில?"

"கடைசியில எல்லாத்தையும் ஒண்ணாச் சேத்து எக்ஸ்போர்ட் பண்ணுனா ஒத்தப் பாட்டா வெளிய வந்துரும். வந்த பிறகு உப்புப் போட்ட குழம்பு. உப்பத் திரும்ப எடுக்க முடியாது."

பூமயிலுக்கு எடுத்த எடுப்பிலேயே எல்லாம் வந்துவிடவில்லை. அவளுக்குப் பாடுகிற குரல்தான் பிடித்தது. அதை முன்னால் கொண்டுவரச் சொல்லி, மேளத்தை அமுக்கி அமுக்கிக் குறைக்கவைத்தாள். ஒரு ஊரிலிருந்து ஆட்கள் சிடியோடு திரும்பி வந்து, "என்ன வேல்சாமி, சாமியாடக் கேட்டா எழவு வீட்டுக்குப் பாட்டுப் போட்டுக் குடுத்திருக்க?" என்று கத்திவிட்டுப் போனார்கள். அன்று ரெண்டு பேருக்கும் பெரிய சண்டை. பிறகு மெல்ல மெல்லப் பழகினாள். மேளம் காதில் இல்லாமல் நெஞ்சில் விழவேண்டும், குரல் அதன்மேல் மிதக்கவேண்டும் என்று அவளுக்குள்ளேயே ஒரு கணக்கு வந்தது.

கணக்கு வந்தது, ஆனால் மூச்சு முட்டியது. பதிகிறபோது ஃபேன் ஓடக்கூடாது. முதுகில் வேர்வை இறங்க உட்கார்ந்திருப்பாள். வெளியே மழை பெய்து ஓய்ந்ததுகூட, கதவைத் திறந்து நனைந்த முற்றத்தைப் பார்த்தால்தான் தெரியும். தீபாவளிக்குப் பிறகு அவள் வெயிலில் நின்ற நாள் என்று ஒன்று கிடையாது. கரண்டு போகிறபோதுதான் வெளியே வரமுடிந்தது. அந்த வருசம் கரண்டு அடிக்கடி போனது. ஊரே மின்சாரக்காரர்களைத் திட்டியபோது பூமயில் மட்டும் திட்டவில்லை.

வேல்சாமிக்கும் குணம் மாறிவிட்டது. அவள் குழாயடியில் யாரோடாவது பேசினால் வாசலில் நின்று அவர்கள் வாயையே பார்ப்பான்.

"என்ன பேசுன அவகிட்ட?"

"கருவாடு விக்கிறவன் வந்தானான்னு கேட்டா."

"அதுக்கு ஏன் இங்கிட்டுப் பாத்தா?"

"வீட்டு வாசல்ல ஆம்பளை மரமாட்டம் நின்னா பாக்கத்தான செய்வாக."

அவன் நம்பமாட்டான். ராமநாதபுரத்தில் தங்கிப் படிக்கிற மகள் போனில் கூப்பிட்டால், "அய்யா குளிக்கிறாக", "அய்யா வெளிய போயிருக்காக" என்று பூமயில் ஏதாவது சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்திலேயே உட்கார்ந்து அவன் அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

மாசியில் ஊர்த் தலைவரான அம்பலம் உக்கிரபாண்டி வந்தார். பங்குனிப் பொங்கலுக்குச் சொந்த ஊர்க் காளிக்கே இதுவரை பாட்டு இல்லை என்பது அவருக்குக் குறையாக இருந்தது.

"மதுரையில இருந்து ஆளக் கூப்பிட வேணாம். நம்ம ஊருப் பொம்பள ஒருத்தியே பாடட்டும்" என்றார்.

பூமயில் கருத்தம்மாளைச் சொன்னாள். காட்டுவேலைக் கூட்டத்தில் முன்னால் நின்று பாடுகிறவள் கருத்தம்மாள். புருசன் இல்லை, பிள்ளை இல்லை. பேச்சும் குறைவு. குனிந்து களையெடுக்கிறபோது மட்டும் அந்தக் குரல் வரப்பைத் தாண்டிப் போகும். கொஞ்சம் கரகரப்பான, அடியில் கனமுள்ள குரல். முளைப்பாரிக் கும்மியில் அவள்தான் எடுத்துக் கொடுப்பாள்.

வந்து மைக் முன்னால் நின்றாள். ரெண்டு தும்மல் போட்டாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கேட்டாள்:

"இந்த டொக்கு டொக்குங்கிறது எதுக்குத்தா?"

"அதோட சேந்து பாடணும் மதினி. களையெடுக்கையில எல்லாரும் ஒண்ணா எட்டு வைக்கிறதில்ல? அந்த மாதிரி நெனச்சுக்கங்க" என்றாள் பூமயில்.

வேகத்தைத் தொண்ணூற்றாறில் வைத்தார்கள். அவள் நடைக்கு அது சரியாக இருந்தது.

*கம்மாக்கரை மேலிருந்து காவல் காக்கும் காளியம்மா*
*எம்மா நேரம் நிக்க வைப்ப, எறங்கி வாடி தாயே*

பாடி முடித்ததும் வேல்சாமி திரும்பப் போட்டுக் காட்டினான். கருத்தம்மாள் ஹெட்போனை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக்க மூடிக் கேட்டாள். கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றி வைத்து வெளியே போய்விட்டாள். மறுநாள் அவள் தன் தம்பி வீட்டுக்கு நடந்தே போய், பொங்கலுக்குக் கட்டாயம் வரவேண்டும் என்று சொல்லிவிட்டு வந்ததாகக் கூட்டத்துப் பெண்கள் சொல்லிச் சிரித்தார்கள்.

மேளம், கீபோர்டு எல்லாம் சேர்த்து முடிக்கிற நேரத்தில் மிளகாய்க் காட்டிலிருந்து ஆள் வந்தது. மேகம் கட்டுகிறது, மழை விழுந்தால் பழம் பூராவும் சொத்தையாகிவிடும், எல்லாரும் வரவேண்டும்.

"ஒரு நாள் போயிட்டு வாரேன்" என்றாள் பூமயில்.

"பாட்டு முடியல."

"நாளைக்கு முடிச்சுக்கலாம். நான் வாரவரைக்கும் தொடாதீக."

"நீ காட்டுக்குப் போயிட்டா நான் இங்கன என்ன செய்ய?"

"ஒரு நாளுங்க. ஒரே ஒரு நாளு. எனக்கு மூச்சு முட்டுது."

கடைசியாகச் சொன்னதை அவள் அவன் முகத்துக்கு நேராகச் சொல்லவில்லை. தூக்குவாளியில் கஞ்சியை ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

கரிசல் காடு முழுக்கச் சிவப்பாகப் பழுத்துக் கிடந்தது. கடல் பக்கமிருந்து காற்று வந்தது. கூட்டத்துப் பெண்கள் அவளைக் கண்டதும், "ஏ, கம்ப்யூட்டரு வந்துருச்சுடி" என்று கூச்சல் போட்டார்கள். பூமயில் குனிந்து பழம் எடுத்தாள். இடுப்பு வலித்தது, விரல் நுனியெல்லாம் எரிந்தது. மத்தியானம் சூடைக் கருவாட்டைச் சுட்டு வைத்துக்கொண்டு கஞ்சி குடித்தார்கள். கருத்தம்மாள் தன் பங்குக் கருவாட்டில் பெரியதை எடுத்து அவள் கையில் வைத்தாள். அன்று அவள் எதையும் நினைக்கவில்லை.

அந்த மத்தியானம்தான் உக்கிரபாண்டி வேல்சாமி வீட்டுக்கு வந்தார். பாட்டைப் போடச் சொல்லிக் கேட்டார். அவருக்குத் திருப்தியில்லை. வேல்சாமியின் தோளைத் தட்டி, கையால் தொடையில் தாளம் போட்டுக் காட்டினார்.

"வேகம் பத்தல வேல்சாமி. பெரியகம்மா ஊருக்காரக பாட்டு எப்பிடி ஓடுது! கேட்டவொடனே சாமி எறங்கணும்ல? இன்னிக்கே முடிச்சுரு. நாளைக்குச் சிடிக்குக் குடுக்கணும்."

பொம்பளை வந்த பிறகுதான் முடியும் என்று வேல்சாமி எப்படிச் சொல்வான்? சரி என்றான்.

நம்பரை நூற்றிருபதாக மாற்றினான். கீபோர்டும் மேளமும் மெசினிலேயே வாசித்தவை. அவை தாமாகவே வேகத்துக்கு வந்துவிட்டன. கருத்தம்மாள் பாடினது மட்டும் பழைய நீளத்திலேயே கிடந்தது. அவன் அதன் நுனியைப் பிடித்து, கோட்டுக்குக் கோடு பொருந்தும்படி சுருக்கினான். குரலின் கனம் மாறாமல் சுருக்குவதற்குத் திரை ஓரத்தில் தனியாக ஒரு சின்னக் கட்டம் உண்டு. அதில் குறி போட்டிருக்கிறதா என்று அவன் பார்க்கவில்லை. திரையில் எல்லாம் நூல் பிடித்ததுபோல் பொருந்தியிருந்தது. போட்டுப் பார்த்தான். மேளம் கேட்டது. அடிச் சத்தம் கேட்டது. குரல் வழக்கம்போல் தூரத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. எக்ஸ்போர்ட்டை அமுக்கினான்.

பூமயில் சாயங்காலம் வந்தபோது பாட்டு சுஐபு கடைக்குப் போய்விட்டது. சுஐபு நாகூருக்குப் போயிருந்தான். கடையில் இருந்தவன் கேட்டுப் பார்க்காமலே நகல் போட்டுவிட்டான்.

"தொடாதீகன்னு சொன்னேனே" என்றாள்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. நான் பாத்துட்டேன்."

"பாத்தீக. கேட்டீகளா?"

அவன் கையிலிருந்த தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனான். போய் அந்த அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டான். பொங்கல் முடிகிறவரை அவளை உள்ளே விடவில்லை.

பொங்கலன்று முளைப்பாரி கோயில் முன்னால் வந்து இறங்குகிற நேரத்துக்குப் பாட்டு வைத்திருந்தார்கள். ரேடியோ செட்டு பால்சாமியுடையது. வேல்சாமி சின்ன வயதில் பால்சாமியிடம்தான் குழாய் ஒலிபெருக்கி கட்ட மரம் ஏறினவன். வேப்பமரத்தில் ரெண்டு குழாய், கீழே நாலு பெட்டி. கருத்தம்மாள் தலையில் முளைப்பாரியோடு வரிசையின் முன்னால் நின்றாள். புதுச் சேலை கட்டியிருந்தாள். அவள் தம்பி குடும்பத்தோடு வந்து முன்னால் இடம் பிடித்திருந்தான்.

மேளம் நன்றாகத்தான் எடுத்தது. பிறகு குரல் வந்தது. திருவிழாக் கடையில் சாவி கொடுத்தால் கத்துகிற பொம்மையின் குரல். கீபோர்டு ஒரு சுதியில் போக, இது வேறு எங்கேயோ உச்சியில் நின்று கீச்சிட்டது. "எறங்கி வாடி தாயே" என்று அது கத்தினபோது சின்னப் பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். பிறகு இளவட்டங்கள். பிறகு அடக்கிப் பார்த்த பெரியவர்களுக்கும் முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள்.

பூமயில் கருத்தம்மாளைப் பார்த்தாள். முளைப்பாரியை ரெண்டு கையாலும் பிடித்திருந்ததால் அவளால் முகத்தை மூடக்கூட முடியவில்லை. அப்படியே நின்றாள்.

பிறகு பூமயில் தன் புருசனைத் தேடினாள். அவன் கூட்டத்துக்கு நடுவில் இருந்தான். சுற்றிலும் எல்லாரும் சிரிப்பதைப் பார்த்து அவனும் சிரித்துக்கொண்டிருந்தான். ஊருக்குப் பாட்டு பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, தலையை ஆட்டி, கையால் தாளம் போட்டுக்கொண்டிருந்தான்.

அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தாள். தாளத்தை நிறுத்தின பிறகும் கொஞ்ச நேரம் அவன் முகத்தில் அந்தச் சிரிப்பு இருந்தது.

உக்கிரபாண்டி கத்தினார். பால்சாமி பாட்டை அறுத்துவிட்டு வேறு சிடியைப் போட்டான். வேல்சாமியைச் சுற்றிக்கொண்டார்கள். முகங்களைப் பார்த்து அவனுக்கு ஏதோ பாதி விளங்கியது. வாய்க்கு வந்ததைச் சொன்னான்.

"எம் பாட்டுல ஒண்ணுமில்ல. பால்சாமிண்ணன் செட்டு பழைய செட்டு. சிடி வேகமா ஓடியிருக்கு. அதான்."

ஊர் அதை நம்பியது. டேப் ரிக்கார்டர் வேகமாக ஓடிக் குரல் கீச்சென்று போனதை எல்லாரும் ஒரு காலத்தில் கேட்டவர்கள்தான்.

மறுநாள் மிளகாய்க் காட்டில் கருத்தம்மாள் பாடவில்லை. பக்கத்துக் காட்டிலிருந்து எவனோ ஒருத்தன் பொம்மைக் குரலில் "எறங்கி வாடி தாயே" என்று கத்தினான். கூட்டத்தில் சிலர் சிரித்துவிட்டார்கள். கருத்தம்மாள் நிமிராமல் பூமயிலிடம் கேட்டாள்:

"ஏத்தா, நீ அங்கனயேதான ஒக்காந்திருப்ப. நீயும் கேக்கலையா அதை?"

"நான் அன்னிக்குக் காட்டுல இருந்தேன் மதினி. ஒங்ககூடத்தான்."

"செட்டுதான் கெட்டுப்போச்சா?"

"அப்பிடித்தான் சொல்றாக" என்றாள் பூமயில். எரிகிற விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

மஞ்சள் நீராட்டு முடிந்த மறுநாள் காலையில் மந்தைத் திடலில் ஊர் கூடியது. பால்சாமியை நடுவில் நிறுத்தியிருந்தார்கள்.

"இனிமே நம்ம ஊருக்கு ஒன் செட்டு வேணாம் பால்சாமி. பக்கத்து ஊரு அம்பலங்களுக்கும் சொல்லிவிட்டுருவேன். சாமி காரியத்துல ஊரே சிரிக்கிற மாதிரி ஆக்கிப்புட்ட" என்றார் உக்கிரபாண்டி.

"அய்யா, மத்த சிடியெல்லாம் அதே செட்டுலதான பாடுச்சு? அதுல ஒண்ணும் கொறை வரலையே. எனக்கு வேற தொழில் தெரியாதுங்கய்யா."

"அதெல்லாம் பேசாத. வேல்சாமி படிச்சுப் படிச்சுச் சொல்றான்ல?"

வேல்சாமி முன்னால் உட்கார்ந்து அம்பலத்தின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். பால்சாமியை அவன் பார்க்கவில்லை. பின்னால் பொம்பளைகள் ஒதுங்கி நின்றார்கள். பால்சாமியின் மனைவி மூக்கைச் சிந்துகிற சத்தம் பூமயிலுக்குப் பக்கத்தில் கேட்டது. கொஞ்சம் தள்ளி, மரத்தில் சாய்ந்து கருத்தம்மாள் நின்றாள்.

"செட்டு மேல தப்பு இல்லங்கய்யா" என்றாள் பூமயில்.

"யாரு அது? ஒம் புருசன்தான் ஒக்காந்திருக்கானே. நீ எதுக்குப் பேசுற?"

"அவுகளுக்குக் கேக்காதுங்கய்யா."

யாருக்கும் புரியவில்லை. அவள் நிறுத்தவில்லை.

"காது கேக்காது. ரொம்ப நாளாக் கேக்காது. டாக்டரு பாத்துட்டுத் திரும்ப வராதுன்னு சொல்லிட்டாரு. நாந்தான் பக்கத்துல ஒக்காந்து கூட்டு, கொறைன்னு சொல்லுவேன். அன்னிக்கு நான் காட்டுக்குப் போயிட்டேன். நீங்க வந்து வேகத்தக் கூட்டச் சொன்னீக. அவுக கண்ணால பாத்துக் கூட்டிட்டாக. குரலு கெட்டது அவுகளுக்குத் தெரியாது. பால்சாமி மச்சான் மேல தப்பு இல்ல. மதினி பாடுனதுலயும் தப்பு இல்ல."

வேல்சாமிக்கு முதுகுப் பக்கம் நடந்த எதுவும் தெரியாது. அம்பலத்தின் வாய் நின்றுபோனதைத்தான் பார்த்தான். அவர் கண் தன் தோளைத் தாண்டிப் போனதைப் பார்த்தான். பிறகு ஒவ்வொரு கண்ணாகத் தன்மேல் வந்து நின்றது.

அம்பலம் நம்பாமல், பின்னால் நின்ற ஒருத்தனுக்குச் சாடை காட்டினார். அவன் வேல்சாமியின் முதுகுக்குப் பின்னால் நின்று, "ஏலே வேல்சாமி!" என்று அடித்தொண்டையில் கத்தினான். மரத்திலிருந்த காக்கை பறந்தது. வேல்சாமி திரும்பவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் திரும்பினான். கத்தினவனைப் பார்க்காமல், நேராகப் பூமயிலைப் பார்த்தான். அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தியிருந்தாள்.

"செவிடன்கிட்டயாடா நம்ம சாமி பாட்டக் குடுத்தோம்?" என்றார் அம்பலம். சிலர் சிரித்தார்கள். பால்சாமி சிரிக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வேல்சாமிக்கு முன்னால் வந்து நின்றான்.

"ஏண்டா, எங்கிட்டயாச்சும் சொல்லிருக்கலாமேடா" என்றான். தலையைக் குனிந்துகொண்டு சொன்னதால் அதுவும் வேல்சாமிக்குப் போய்ச் சேரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டான்: "என்ன சொன்ன?"

"கேக்காதுன்னு சொன்னேன்."

அவளை அடிப்பான் என்று நினைத்தாள். அடிக்கவில்லை. அறைக்குள் போய் மெத்தைக் கதவைச் சாத்திக்கொண்டான். அப்புறம் நாள் கணக்கில் அவளோடு பேசவில்லை. சோறு வைத்தால் தின்றான். விளக்கும் போடாமல் அந்தப் புழுக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்வான். பாட்டுக்குச் சொல்லியிருந்த ரெண்டு ஊர்க்காரர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். பூமயில் காட்டுவேலைக்குப் போனாள். முன்பு எதற்காக ஏங்கினாளோ அந்த வெயில் முழுக்க இப்போது அவள் தலைமேல் இருந்தது. வீட்டை நினைத்துக்கொண்டே குனிந்தாள்.

சுஐபு ஒரு நாள் வந்தான். கதவைத் தட்டி என்ன பயன் என்று வாசலிலேயே நின்றான்.

"அக்கா, நான் கடையில இருந்திருந்தா இது நடந்திருக்காது. அல்லா மேல ஆணையா எனக்கு மனசே சரியில்ல. நீங்களே பாத்து முடிச்சு அனுப்புங்க. போட்டுக் குடுக்க நான் இருக்கேன்."

"ஊருக்காரக பொம்பளகிட்ட வருவாகளா தம்பி?"

"எல்லாரும் வரமாட்டாக. வாரவுக வருவாக."

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை வேலை இல்லை. வெயில் ஏறுகிற நேரத்தில் கருத்தம்மாள் வந்து வாசலில் உட்கார்ந்தாள். பூமயில் கொடுத்த மோரைக் குடித்துவிட்டுச் சொன்னாள்:

"அன்னிக்கு இந்த ரூம்புல ஒரு தடவை போட்டுக் காட்டுனீகள்ல. அது நல்லாத்தான இருந்துச்சு? இல்ல, அதுவும் எனக்குத்தான் அப்பிடித் தோணுச்சா?"

"நல்லா இருந்துச்சு மதினி."

"அது இன்னும் இருக்கா?"

பூமயில் எழுந்து போய்க் கதவைத் தள்ளினாள். வேல்சாமி தரையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அவனைத் தாண்டிப்போய்க் கம்ப்யூட்டரைப் போட்டாள். வெளிச்சம் பட்டதும் அவன் எழுந்து பார்த்தான். ரெண்டு பெண்களையும் பார்த்துவிட்டு வெளியே போனான். முற்றத்து வேலியோரம் போய் நின்றான்.

தனித்தனியாகப் பதிந்தவை கம்ப்யூட்டரில் இன்னும் இருந்தன. பூமயில் நம்பரைத் தொண்ணூற்றாறுக்குக் கொண்டுவந்தாள். சுருக்கின குரலை எடுத்துப் போட்டுவிட்டு, முதலில் பதிந்ததைத் தேடி அதே இடத்தில் வைத்தாள். வைக்கும்போது கை தவறி ஒரு முறை மேளமே காணாமல் போனது. திரும்பக் கொண்டுவர வெகுநேரம் பிடித்தது. கருத்தம்மாள் பொறுமையாகக் காத்திருந்தாள். மேளத்தை ஏற்றி, குரலை அதன்மேல் வைத்து, கடைசியில் எக்ஸ்போர்ட்டை அமுக்கினாள். கரண்டு போய்விடக் கூடாதே என்று, அவள் வாழ்க்கையிலேயே அன்றுதான் வேண்டிக்கொண்டாள். திரையில் கோடு நகர்ந்து நகர்ந்து முடிந்தது.

கதவைத் திறந்துவைத்தே பாட்டைப் போட்டாள்.

கருத்தம்மாள் இந்த முறை கண்ணை மூடவில்லை. பாட்டு முடிகிறவரை பெட்டியையே பார்த்திருந்துவிட்டு, பூமயிலின் கையைத் தடவிக்கொண்டு ஏதோ சொன்னாள். சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், சிரித்தாள். அதன் பிறகு கிளம்பித் தெருவில் இறங்கிப் போனாள்.

வேல்சாமி எல்லாவற்றையும் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவள் போன பிறகு கதவுக்கு வந்து நின்றான். அத்தனை நாளுக்குப் பிறகு பேசினான்.

"என்ன சொல்லிட்டுப் போறா?"

பூமயில் அறைக்குள் இருந்தபடியே சொன்னாள். அவன் கழுத்தை நீட்டி அவள் முகத்தைத் தேடினான். உள்ளே இருட்டாக இருந்தது. முன்பென்றால், கேட்டுவிட்டதுபோல் தலையை ஆட்டிவிட்டுப் போயிருப்பான்.

"இருட்டுல ஒன் வாய் தெரியல புள்ள" என்றான். "வெளிச்சத்துக்கு வந்து சொல்லு."

பூமயில் எழுந்து முற்றத்துக்கு வந்தாள். முகத்தில் வெயில் படும்படி அவனுக்கு நேராக நின்றுகொண்டு, கருத்தம்மாள் சொன்னதை ஒவ்வொரு சொல்லாக முதலிலிருந்து சொன்னாள்.